மேட்டு வீடு குடும்பம்: வெட்டவா, விடவா?

சுமதி அத்தை: வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும். நாளைக்கு 8 மணிக்குக் கோத்தகிரி வீட்டுப் பின்சரிவுல புல் வெட்ட ஆள் வர்றான். இந்த ஊதாப்பூவும் போகட்டுமா? 📷

பிரபு: களைதானே. போகட்டும்

முரளி சித்தப்பா: பொறுங்க. காட்டு ஜெரேனியம் போல இருக்கு. ஜெரேனியம் நேபாலென்ஸ். இமயமலையிலயும் நம்ம நீலகிரி, பழனி மலையிலயும் தானா வளர்றது. படம் மங்கல். காம்பும் காயும் தெரியுற மாதிரி எடுங்க.

கீதா: வாசல் தொட்டியில சிவப்பா இருக்கே, அதுவா?

முரளி சித்தப்பா: அது பெலார்கோனியம், தென்னாப்பிரிக்கா செடி. 1789லயே ஜெரேனியத்துலேருந்து தனியா பிரிச்சாச்சு, நர்சரிக்காரங்கதான் ஜெரேனியம்ங்கிற பழைய பேரை விடல. தொட்டிச் செடியில பூ கொத்தா வரும், மேல் ரெண்டு இதழ் ஒரு தினுசு, கீழ் மூணு வேற தினுசு. காட்டுச் செடியில அஞ்சு இதழும் ஒரே அளவு. ஒரு காம்புல பெரும்பாலும் ரெண்டே பூ. இதழ்ல அடர்நிறக் கோடு ஓடும். தண்டு மெலிசா தரையோட படரும், கணுவுல இலை எதிரெதிரா. இலை 3 முதல் 5 பிளவு.

ரமேஷ் பெரியப்பா: வாழை இலை எத்தனை சொல்லியிருக்கு?

சுமதி அத்தை: 120

ரமேஷ் பெரியப்பா: 150 சொல்லு. நிச்சயதார்த்தத்துல சாம்பார் பத்தாம போனது ஞாபகம் இருக்குல்ல

கீதா: திரும்பவுமா 🙄

பிரபு: சித்தப்பா, சுருக்கமா?

முரளி சித்தப்பா: காயைப் பாரு. நுனியில கொக்கு அலகு மாதிரி நீட்டிட்டு இருந்தா விடு. முத்திக் காய்ஞ்சா அடியிலிருந்து அஞ்சு பட்டையா பிரிஞ்சு மேல சுருளும், அந்த வேகத்துல விதை தெறிக்கும். பூ இல்லாதப்பதான் ஏமாறுவாங்க. ரனன்குலஸ்னு வேற ஒரு செடி, அது இலையிலயும் இதே மாதிரி பிளவு உண்டு. ஆனா அதுக்குத் தண்டுல இலை மாறி மாறி வரும், பூ மஞ்சள், இதழ் மினுமினுன்னு இருக்கும். சாறு பட்டா தோல் எரியும், வெறுங்கையால பிடுங்காதீங்க.

சுமதி அத்தை: 📷📷 வேலி ஓரம் பூரா மஞ்சள். ஊதா கல்லுக்கட்டு கிட்ட மட்டும்

ரமேஷ் பெரியப்பா: எந்த வேலி? சர்வே கல்லைத் தாண்டிப் போட்டாங்களே அதுவா?

கீதா: ஆரம்பிச்சாச்சு

முரளி சித்தப்பா: ரெண்டாவது படத்துல இடப்பக்கக் காம்பு பிரிஞ்சு ரெண்டு பூ, கீழே ஒரு அலகு. அதேதான். மெஷின்ல மேலாக வெட்டினாக்கூடத் துளிர்க்கும், ஆணிவேர் தடிப்பு. களைக்கொல்லி மட்டும் வேண்டாம், வேரோட போயிடும்.

சுமதி அத்தை: மருந்துக்கும் சேர்த்துத்தான் காசு பேசியிருக்கேன்

முரளி சித்தப்பா: கல்லுக்கட்டைச் சுத்தி ரெண்டு அடி விட்டு அடிக்கச் சொல்லு. காத்து அடிச்சா அதுவும் பத்தாது. யாராவது கூட நிக்கணும்.

பிரபு: லீவ் கேட்டுப் பாக்குறேன்

ரமேஷ் பெரியப்பா: போறவன் சர்வே கல்லையும் படம் எடு

சுமதி அத்தை: பால் காய்ச்சுற வெண்கலப் பானை யார் வீட்ல இருக்கு?