மறு: கஜா புயல் நிதி, தலைக்கு 200 வெள்ளி

எல்லாருக்கும் வணக்கம்.

ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் நகராது என்று நம்ம ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். நேற்று ராத்திரிதான் ஊரிலிருந்து சிங்கப்பூர் திரும்பினேன். முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேராவூரணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நம்ம ஊர்ப் பக்கம் திரும்பினால் வானம் தெரிகிறது. அந்த ரோட்டில் நாம் யாராவது வானத்தைப் பார்த்திருக்கிறோமா? எங்கள் தோப்பில் 140 தென்னை மரம். கஜா அடித்து 2018 நவம்பர் 16 விடிந்தபோது நின்றது 9. அதிலும் நாலுக்குக் குருத்து திருகிக்கொண்டது, தேறாது என்கிறார் சித்தப்பா. அழுகின இளநீர் வாடை வீட்டுக்குள் வரை வருகிறது. 1952 புயலைப் பார்த்த அப்பாயி, "அப்ப கூரைதான் போச்சு, இப்ப சோறே போச்சு" என்றது.

அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்திருக்கிறது. வேரோடு சாய்ந்ததை அறுத்து, கட்டையைத் தோண்டி வெளியே தள்ள அந்த 500 எந்த மூலைக்கு? செங்கல் சூளைக்காரர்கள் அடிமரம் எடுக்க வருகிறார்கள், விலை அவர்கள் சொல்வதுதான். கிடந்து மக்கட்டும் என்றும் விட முடியாது. மக்குகிற மரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அது பெருகினால் இனி வைக்கிற கன்றின் குருத்தையும் குடைந்துவிடும். நெட்டை ரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், தெரியுமல்லவா.

ஆகவே இந்தப் பணம் முதலில் மரம் அறுக்கிற மிஷினுக்கும் ஜேசிபிக்கும் போகட்டும். அரிசியும் போர்வையும் வந்துகொண்டிருக்கின்றன. அலங்கார வளைவுக்கு ஒதுக்கியதையும் இதில் சேருங்கள். மேலத்தெருவுக்கு வருத்தம் இருந்தால் இருக்கட்டும்.

ரோட்டில் கையேந்துகிற வீடியோவைப் பரப்பாதீர்கள், மானம் போகிறது என்று எழுதிய துபாய் மாப்பிள்ளைக்கு: முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிவாரண லாரிக்கு முன்னால் நிற்பது உங்கள் பெரியம்மாதான். மறித்தது சோற்றுக்கு இல்லை, மெழுகுவத்திக்கு. நான் கிளம்புகிற வரை கரண்ட் வரவில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிட்டுத்தானே நீங்கள் பட்டுக்கோட்டையில் படித்தீர்கள்?

பொருளாளர் அண்ணே, பெரிய குளம் தூர் வாரின கணக்கை நான் கேட்டபோது துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனது யார் என்று இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். என் பங்கும் தம்பி பங்கும் சேர்த்து 400 வெள்ளி காலையிலேயே போட்டாயிற்று.

ரசீது அனுப்பவும்.