'ஃபிஷிங்': செவிலியர் சுற்றறிக்கைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அன்புடையீர், வணக்கம். செவிலியர் சங்கம் ஒன்றுக்காக எச்சரிக்கைச் சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செவிலியர்களைப் பதிவுசெய்யும் மன்றத்தின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் வருகின்றன. நம்பத்தக்கவர் போல மடல் அனுப்பிப் பணத்தையோ கடவுச்சொல்லையோ பறிக்கும் இந்த மோசடியை ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்கிறார்கள். எனக்குக் காட்டிய மடலில் மன்றத்தின் முத்திரை இருந்தது. "தங்கள் பதிவு 24 மணி நேரத்தில் முடக்கப்படும், உடனே கட்டணம் செலுத்திச் சரிபார்க்கவும்" என்றும் இருந்தது. அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தபோதுதான், முகவரியில் 'கவுன்சில்' என்ற சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருப்பது தெரிந்தது. இரவுப்பணி முடித்துக் களைத்து வருபவருக்கு ஒரே பார்வையில் விளங்கும் சொல் எது?

தமிழாசிரியர், மதுரை:

'தூண்டில்' இருக்க வேறு சொல் எதற்கு? 1990களின் நடுவில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணையச் சேவையின் பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடியவர்களிடையே வழங்கத் தொடங்கிய ஆங்கிலச் சொல்லும் மீன்பிடிப்பைக் குறித்ததே. தொலைபேசி அமைப்புகளில் ஊடுருவியோர் வழங்கிய 'ஃப்ரீக்கிங்' (phreaking) என்ற சொல்லைப் பார்த்து அதன் முதலெழுத்து 'f' மட்டும் 'ph' என்று மாறியது. நம்மிடம் 931ஆம் குறளிலேயே 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்ற உவமை உண்டு. அங்கே பொன் என்றது இரும்பை. இரை என்று எண்ணி மீன் விழுங்குவது அந்த முள்ளைத்தான். ஆகவே பெயராகத் 'தூண்டில் மடல்', வினையாகத் 'தூண்டிலிடல்' என்று ஆளலாம். சிலர் முன்மொழியும் 'வலைவீச்சு' வேண்டாம். நாளிதழ் படிப்பவருக்கு அது காவல்துறை குற்றவாளியைத் தேடுவது. தவிர, வலை என்பது இணையத்துக்கே பெயராகிவிட்டது.

செவிலியர் கல்லூரி ஆசிரியை, கோவை:

ஐயா, குறளை மறுக்கவில்லை. ஆனால் தூண்டிலில் இரை உண்டு, இந்த மடலில் இரை எங்கே? பரிசு விழுந்ததாகச் சொல்லும் மடலுக்குத் தூண்டில் பொருந்தும். இதுவோ மிரட்டுகிறது. சென்ற ஆண்டு இப்படி ஒரு மடலை நம்பி நானே பணம் செலுத்தினேன். எதற்கும் ஆசைப்பட்டுச் செலுத்தவில்லை. பதிவு போனால் வேலை போகும் என்று கை நடுங்கிச் செலுத்தினேன். சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டம் வந்தது முதல் பதிவுதான் எங்கள் தொழிலுக்கு உயிர். 'தூண்டிலில் சிக்கினாள்' என்றால் இரைக்கு வாய் திறந்தவள் என்ற பழியும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பழிக்கு அஞ்சித்தான் நான் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

தமிழாசிரியர், மதுரை:

அம்மா, தாங்கள் சொல்வது நியாயம். என் சொல்லை மாற்றிக்கொள்கிறேன். அச்சமே கருவி என்றால் 'அச்சமடல்' எனலாமே. 'அஞ்சல்' என்ற சொல்லிலேயே அச்சம் உறைகிறது: எதிர்மறை ஏவலாகக் கொண்டால் 'அஞ்சாதே' என்று பொருள், 428ஆம் குறளில் 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என வரும்போது அஞ்சுதலையே குறிக்கும். ஒரே வடிவம் அச்சத்தையும் அபயத்தையும் தருவது வியப்புக்குரியது. பொய்மையை முன்னிறுத்தினால் 'பொய்ம்மடல்'. மகரம் மிகுந்தே வரும், 'பொய்மடல்' என்று அச்சிட்டுவிட வேண்டாம்.

வழக்கறிஞர், சென்னை:

சட்டம் பார்ப்பது அச்சத்தையோ ஆசையையோ அன்று, ஆள்மாறாட்டத்தை. கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. தேர்வறைச் செய்திகளால் 'ஆள்மாறாட்டம்' எல்லோருக்கும் தெரிந்த சொல். மன்றம் 'ஆள்' ஆகுமா என்று இலக்கணம் கேட்கலாம். புகார் எழுதும்போது அந்தச் சொல்தான் உதவும்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. முதலில் முன்மொழியப்பட்டது தூண்டிலே என்றாலும், கோவை அம்மையாரின் கடிதத்துக்குப் பின் அதைத் தலைப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தலைப்பு 'மன்றத்தின் பெயரில் போலி மின்னஞ்சல்' என்று இருக்கும். உள்ளே ஒரே ஓரிடத்தில், அந்த ஆங்கிலச் சொல்லை வங்கி அறிவிப்புகளில் படித்தவர்கள் அடையாளம் காண்பதற்காக, 'ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மோசடி' என்று எழுதுகிறேன். பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்ற வரியைக் கடைசியிலிருந்து தலைப்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

தமிழாசிரியர், மதுரை:

சுற்றறிக்கைக்கு அது போதும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'அச்சமடல்' என்பதையும் சேர்த்துவையுங்கள். அதை நான் திரும்பப் பெறவில்லை.