மினி டிராக்டர் ரோட்டவேட்டரில் கிராஸ் மட்டும் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது?

வாழப்பாடி பாக்குத்தோப்பு:
பாக்குத்தோப்புக்குள் ஓட்ட ஒரு மினி டிராக்டரும் சின்ன ரோட்டவேட்டரும் (சுழன்று மண்ணைக் கிளறும் கலப்பை) வைத்திருக்கிறேன். டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகிற பிடிஓ ஷாஃப்டில், இரண்டு முனை ஜாயின்ட்டிலும் இருக்கிற கிராஸ் (கூட்டல் குறி மாதிரி நாலு கால் உள்ள துண்டு) நிற்கவே மாட்டேன் என்கிறது. முதலில் ரோட்டவேட்டர் பக்கம் போகும், கொஞ்ச நாளில் டிராக்டர் பக்கமும் போகும். புதுசு போட்ட சில நாளிலேயே 'டக் டக்' சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. கிரீஸ் தவறாமல் அடிக்கிறேன். இந்த வருஷம்தான் இப்படி, அதற்கு முன்னால் இந்தத் தொல்லை கிடையாது. எதைப் பார்க்க வேண்டும்?

சேலம் லேத்து:
இதில் யோசிக்க ஒன்றுமில்லைங்க, சரக்கு மோசம். ஒரே டப்பா, ஒரே லேபிள், உள்ளே இருப்பது வேறு. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால் பாதி நாள்கூட வராது. ஒரிஜினல் போடுங்கள், கதை முடிந்தது.

ஏற்காடு காப்பிக்காடு:
அண்ணா, கழற்றின கிராஸைப் பார்க்காமலே தீர்ப்பா? வாழப்பாடிக்காரரே, பழசைத் தூக்கி எறியாமல் மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். கால் சூட்டில் நீலம் பூத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகவில்லை. நிப்பிளில் அடித்தால் மட்டும் போதாது, கால்களை மூடுகிற நாலு கப்பிலும் சீல் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். கால் முறிந்திருந்தால் கல்லிலோ வேரிலோ வாங்கின அடி. காலில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பள்ளம் இருந்தால் கப்புக்குள் இருக்கிற ஊசி பேரிங் அழுத்திய தடம், அதாவது தாங்க முடியாத லோடு.
(காப்பித் தோட்டத்துக்காரனுக்கு ரோட்டவேட்டரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மலைக்குக் கீழே டேனிஷ்பேட்டையில் மாமனார் தோப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு அங்கேதான் டியூட்டி.)

வாழப்பாடி பாக்குத்தோப்பு:
கழுவிப் பார்த்தேன். நீலம் இல்லை, முறிவும் இல்லை. நீங்கள் சொன்ன வரிதான். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படுகிறது.

சேலம் லேத்து:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஹார்டனிங் (சூடேற்றிக் கடினமாக்குவது) சரியில்லாத பச்சை இரும்பில்தான் ஊசி அப்படிப் பதியும். புதுக் கிராஸின் கால் நுனியில் அரத்தை வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரக்கு நல்லது. துகள் கிளம்பினால் கடைக்காரர் முகத்திலேயே வீசிவிட்டு வாருங்கள்.

ஆத்தூர் மரவள்ளி:
இரண்டு பேரும் டிரைவரை விட்டுவிட்டீர்கள். வரப்பு வந்ததும் பிடிஓவை நிறுத்தாமல் ரோட்டவேட்டரை உச்சிக்குத் தூக்கித் திருப்புகிறார்கள். மினி டிராக்டருக்கு ஷாஃப்ட் குட்டை, கொஞ்சம் தூக்கினாலே ஜாயின்ட் முறுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் வண்டியில் அப்படித்தான் போனது. இன்னொன்று, லோடு கூடினால் தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றுகிற ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது என்று யாராவது பலம் கூடின ஹைடென்சில் போல்ட் மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். போல்ட் தலையில் கிரேடு 4.6 என்று இருந்த இடத்தில் 8.8 போட்டால் இரண்டு மடங்கு பலம். போல்ட் அறுகாது, கிராஸும் கியர்பாக்ஸும் அறுகும்.

சேலம் லேத்து:
அம்மா, இந்த ஊர்க் கரட்டு மண்ணில் புத்தகத்தில் சொன்ன போல்ட்டை மாட்டினால் உழவு நடக்காது, போல்ட் மாற்றுவதுதான் நடக்கும்.

ஆத்தூர் மரவள்ளி:
போல்ட் மாற்றுகிற செலவு டீச்செலவு. கியர்பாக்ஸைக் கழற்றினால் என்ன ஆகும் என்று நீங்கள்தான் பில் போடுகிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா?

வாழப்பாடி பாக்குத்தோப்பு:
அரம் வழுக்குகிறது. கடைக்காரர் தப்பித்தார். போல்ட்டும் பழைய கிரேடுதான். திருப்பும்போது பிடிஓவை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் பேசியாயிற்று, அவர் பாதி நேரம் நிறுத்துகிறார்.

ஏற்காடு காப்பிக்காடு:
ஷாஃப்ட் சதுரக் குழாயா? இந்த வருஷம் அதை யாராவது பிரித்து மாட்டினார்களா? இரண்டு முனையிலும் இருக்கிற உள்பக்க யோக்குகள் (கிராஸைப் பிடிக்கிற கவட்டைகள்) ஒரே வாக்கில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள்.
காரணம் சொல்கிறேன். ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது வெளியே போகிற வேகம் ஒரே சீராக இருக்காது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கூடிக் குறையும். யோக்குகள் ஒரே வாக்கில் இருந்து சாய்வும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், முதல் ஜாயின்ட் செய்த கோளாறை இரண்டாவது சரிக்கட்டிவிடும். சதுரக் குழாயை 90 டிகிரி மாற்றிச் செருகினாலும் அது பாட்டுக்கு உள்ளே போய்விடும். அப்போது சரிக்கட்டுவதற்குப் பதில் கோளாறு இரட்டிப்பாகும். இரண்டு பக்கமும் 20 டிகிரி சாய்வு என்று வைத்தால், பிடிஓவின் நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது ஏறக்குறைய 475-க்கும் 610-க்கும் நடுவே எகிறி விழும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடி. ஊசி பதியாமல் என்ன செய்யும்?

சேலம் லேத்து:
தம்பி, கணக்கெல்லாம் சரி. அந்த அடியிலேயே நல்ல கம்பெனிக் கிராஸ் ஒரு சீசன் தாங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு காப்பிக்காடு:
தாங்கும். அப்புறம் கியர்பாக்ஸில் பினியன் (சின்னப் பல்சக்கரம்) பேரிங் போகும். அது இன்னும் நல்லதா, அண்ணா?

வாழப்பாடி பாக்குத்தோப்பு:
பார்த்துவிட்டேன். ஒரு யோக் படுத்திருக்கிறது, இன்னொன்று நிற்கிறது. சித்திரையில் குழாய் வளைந்ததென்று வெல்டிங் பட்டறையில் மாற்றினோம், தொல்லை அதற்கப்புறம்தான். பிரித்து ஒரே வாக்கில் செருகி, புதுக் கிராஸ் இரண்டும் போட்டு, நேற்று மதியம் வரை ஓட்டினேன். கையில் வந்துகொண்டிருந்த அதிர்வு இல்லை.

ஆத்தூர் மரவள்ளி:
டிரைவர்?

வாழப்பாடி பாக்குத்தோப்பு:
முக்கால்வாசி நேரம் நிறுத்துகிறார்.

ஏற்காடு காப்பிக்காடு:
டாப் லிங்க்கையும் (ரோட்டவேட்டரை மேல்பக்கம் டிராக்டரோடு இணைக்கிற, நீளம் மாற்றக்கூடிய கம்பி) ஒரு பார்வை பாருங்கள். மண்ணில் இறங்கி உழும்போது ரோட்டவேட்டரின் உள்வரும் ஷாஃப்டும் டிராக்டரின் பிடிஓவும் இணையாக நிற்க வேண்டும். ரோட்டவேட்டர் முன்னால் குனிந்து நின்றால் சாய்வு இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. உங்களுக்கு ரோட்டவேட்டர் பக்கக் கிராஸ் முதலில் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சேலம் லேத்து:
குழாய் இரண்டிலும் பஞ்ச் வைத்து நேருக்கு நேர் ஒரு புள்ளி அடித்துவிடுங்கள், பெயின்ட் கோடு மண்ணில் போய்விடும். அடுத்தவர் பிரித்தாலும் புள்ளியைப் பார்த்துச் சரியாக மாட்டலாம். ஆனால் ஒன்று, நீங்கள் அரத்தில் பார்த்தது நல்ல டப்பா. என் கடை மூலையில் பச்சை இரும்புக் கிராஸ் ஒரு கூடை கிடக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் ஃபேஸ் (யோக் நிற்கிற வாக்கு)தான் தப்பு என்று சொல்வீர்களா, காப்பிக்காரரே?

ஏற்காடு காப்பிக்காடு:
கூடையைக் கவிழ்த்து வரியா, நீலமா, முறிவா என்று பிரித்து வையுங்கள் அண்ணா. ஞாயிறு கீழே இறங்கும்போது வந்து பார்க்கிறேன்.