விஆர் வாள்சண்டை: வேகமாக வீசினால் வாள் பின்தங்குகிறது, எதிரி வாளை ஊடுருவுகிறது

கேள்வி (மின்னல்கீற்று)
யூனிட்டி கேம் எஞ்சினில் விஆர் (மெய்நிகர் உண்மை) வாள்சண்டை விளையாட்டு செய்கிறேன். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் இருக்கும் இடத்துக்கு வாள் வந்து சேரும்படி, ஃபிக்ஸ்டு அப்டேட்டில் (இயற்பியல் கணக்கு சீரான இடைவெளியில் ஓடும் இடம்) வாளின் ரிஜிட்பாடிக்கு (பொருளுக்கு எடையும் இயக்கமும் தரும் பகுதி) வெலாசிட்டியையும் ஆங்குலர் வெலாசிட்டியையும் (சுழல் வேகம்) கணக்கிட்டுக் கொடுக்கிறேன். அலகு 90 செ.மீ., எடை 1.5 கிலோ. மெதுவாக வீசினால் எதிரி வாள் தடுக்கிறது. மணிக்கட்டைச் சுண்டினால் வாள் ரப்பர் மாதிரி இழுபட்டு வருகிறது, சில சமயம் எதிரி வாளுக்குள்ளேயே புகுந்து போகிறது. இரண்டு வாளையும் முட்டக் கொடுத்து நிறுத்தினால் கிடுகிடுவென்று நடுங்குகிறது. கொலிஷன் டிடெக்‌ஷனை கன்டினியூவஸ் டைனமிக்காக (தாவல்களுக்கு நடுவிலும் மோதலைத் தேடும் முறை) மாற்றியும் பலனில்லை.

பதில் (உறைவாள்)
மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

இழுபடுவதற்கு மேக்ஸ் ஆங்குலர் வெலாசிட்டி என்ற சுழல் வேக உச்சவரம்புதான் காரணம். இயல்பு மதிப்பு நொடிக்கு 7 ரேடியன், அதாவது 400 டிகிரி. மணிக்கட்டுச் சுண்டல் 1000 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நீங்கள் என்ன கொடுத்தாலும் எஞ்சின் சத்தமில்லாமல் 7-இல் வெட்டிவிடும். வாளின் ரிஜிட்பாடிக்கு மட்டும் 50 வையுங்கள்.

அதை மாற்றியதும் ஊடுருவல் இன்னும் மோசமாகும், பயப்படாதீர்கள். நுனி நொடிக்கு 20 மீட்டரில் போனால், இயல்பான 0.02 நொடி டைம்ஸ்டெப்பில் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) ஒரே தாவலில் 40 செ.மீ. கடக்கிறது. அலகின் அகலமோ 4 செ.மீ. 0.0111 ஆக்கினாலும் 22 செ.மீ. கன்டினியூவஸ் டைனமிக் நேர்கோட்டு நகர்வை மட்டும்தான் துழாவும். சுழற்சியைக் கணக்கில் எடுக்காது. வாள்வீச்சில் சுழற்சிதானே எல்லாம்! கன்டினியூவஸ் ஸ்பெக்குலேட்டிவ் என்ற இன்னொரு முறை சுழற்சியையும் பார்க்கும், ஆனால் தொடாமலே தட்டிவிட்ட மாதிரி சில நேரம் துள்ளும். வாளோடு வாள் மோத மட்டும் தனி லேயரில் 10 செ.மீ. தடிமனுள்ள கொலைடர் (மோதலுக்கான, கண்ணுக்குத் தெரியாத உருவம்) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சண்டை வேகத்தில் அந்தத் தடிமன் கண்ணில் படாது.

பதில் (பிடிமானம்)
நடுக்கத்துக்கு நான் சொல்கிறேன். கை எதிரி வாளைத் தாண்டிப் போய்விட்டது. நிஜத்தில் அதைத் தடுக்க எதுவுமில்லை. வெலாசிட்டியை நேரடியாகத் திணித்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வரம்பில்லாத விசையோடு உள்ளே தள்ளுகிறீர்கள், சால்வர் (எஞ்சினில் மோதலைத் தீர்க்கும் பகுதி) வெளியே தள்ளுகிறது. அதை விட்டுவிட்டு, கைக்கு ஒரு கைனமாட்டிக் ரிஜிட்பாடி (விசைக்கு அசையாமல் நாம் நகர்த்துவது) வைத்து, கன்ஃபிகரபிள் ஜாயின்ட் என்ற ஸ்பிரிங் இணைப்பில் வாளைக் கட்டுங்கள். ஸ்பிரிங் 2000, டேம்பர் (துள்ளலை அடக்குவது) 2√(2000×1.5), சுமார் 110, அதிகபட்ச விசை 300. கை 15 செ.மீ. தாண்டியதும் விசை அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிடும்.

இனர்ஷியா டென்சரையும் (ஒவ்வொரு அச்சிலும் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) பாருங்கள். 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன் என்றால் நீளவாட்டு அச்சில் 0.0002, குறுக்கே 0.1. 500 மடங்கு வித்தியாசம், சால்வர் திணறும். சிறிய மதிப்பை 0.01 ஆக உயர்த்துங்கள்.

மின்னல்கீற்று
இழுவை போச்சு, நடுக்கமும் நின்றது. ஆனால் வாள் முனை கனமாகத் தொங்குகிறது, கைப்பிடியில் பிடித்த மாதிரியே இல்லை.

உறைவாள்
எடைமையத்தைக் கொலைடரிலிருந்து எஞ்சினே கணக்கிடுகிறது, அதனால் அது அலகின் நடுவில் விழுந்திருக்கும். குறுக்குக் காப்பிலிருந்து 10 செ.மீ. முன்னால் இருக்கும்படி சென்டர் ஆஃப் மாஸைக் கையால் கொடுங்கள். இன்னொன்று: கை மாடலை கன்ட்ரோலரோடு ஒட்டாமல் வாளின் பிடியோடு ஒட்டுங்கள். வாள் நிற்கும்போது கையும் நிற்க வேண்டும். கை மட்டும் தனியே போவது தெரிந்தால் எந்த அதிர்வு கொடுத்தும் மோதல் நம்பும்படி இருக்காது.