ஊதின கண்ணாடி டம்ளர்ல பெயின்ட் உரியுது, அடியில விரிசல் விடுது. யாராவது வழி சொல்லுங்க

நகரி செல்வி
வணக்கம். திருப்பதியில ஒரு தெலுங்குக் குடும்பம், கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்களுக்குக் கொடுக்க கண்ணாடி டம்ளர்ல காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியம் மாதிரி மயிலும் கொடியும் வரைஞ்சு கேட்டிருக்காங்க. டம்ளர் ஃபிரோசாபாத் சரக்கு, பாரிமுனையில வாங்கினது. கையால ஊதினது. லேசா பச்சை ஓடும், உள்ளே குமிழி இருக்கும், அடி கனம், வாய் மெல்லிசு.

கடைக்காரர் "கிளாஸ் கலர்"னு கொடுத்ததுலதான் வரைஞ்சேன். காய்ஞ்சா பளபளன்னு இருக்கு. ஆனா கழுவினா வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வருது. சூடு காட்டினா பிடிச்சுக்கும்னு வீடியோவுல சொன்னாங்களேன்னு ஓ.டி.ஜி.யில (கேக் சுடுற கரன்ட் அடுப்பு) வச்சா, அடியில வட்டமா விரிசல். இது போதாதுன்னு, பெயின்ட் படாத டம்ளர்கூட கழுவிக் கவுத்து வச்சா வெள்ளையா மங்குது. எல்லாம் ஒரே கோளாறா, வேற வேறயா?

புத்தூர் தறிக்காரன்
மேல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சா பெயின்ட் நிக்குமே சிஸ்டர். இல்லன்னா ஏர்பேடு பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில கண்ணாடி வேலை செய்றவங்க இருக்காங்க, அவங்கள ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

காளஹஸ்தி அக்கா
தம்பி, பாப்பாநாயுடுபேட்டை மணிக்குப் பேர் போன ஊரு. உலையில இருந்து கண்ணாடியைக் குழாயா இழுத்து, துண்டு போட்டு மணி ஆக்குற வேலை அது. டம்ளர்ல பெயின்ட் நிக்க அவங்க என்ன பண்ணுவாங்க?

செல்வி, முதல்ல பாட்டிலைத் திருப்பிப் படி. கண்ணாடிக்குன்னு விக்கிற கலர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு காத்துல காயுறது. ஜன்னல் கண்ணாடி, போட்டோ ஃபிரேம், விளக்குக் கூண்டு, இதுக்கெல்லாம் அதுவே போதும். கண்ணாடி மேல படலமா உக்காந்திருக்குமே தவிர ஒட்டாது. தண்ணி ஓரத்துல புகுந்தா உரியத்தான் செய்யும், சூடு காட்டினாலும் பிடிக்காது. இன்னொண்ணு சுட்டு எடுக்குறது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்னு பாட்டில்லயே போட்டிருக்கும், பெரும்பாலும் 150, 160 டிகிரியில அரை மணி, முக்கா மணி. அப்படி ஒண்ணும் போடலன்னா உன்கிட்ட இருக்குறது முதல் ஜாதி. வார்னிஷும் அதே மாதிரி ஒரு படலம்தான், ரெண்டும் சேர்ந்து உரியும்.

வாயில இருந்து கீழ 2 செ.மீ. வரைக்கும் எதுவும் வரையாதே. உதடு படுற இடம். உள்பக்கம் தூரிகையே போகக் கூடாது. "நச்சற்றது"ன்னு பாட்டில்ல போட்டிருந்தா அது வரையுற கைக்குச் சொன்னது, மோர் ஊத்திக் குடிக்க இல்ல.

வரையுறதுக்கு முன்னாடி சோப்புல கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல துடைச்சு, அப்புறம் வாய்ப் பக்கமா மட்டும் பிடி. விரல் எண்ணெய் பட்ட இடத்துல எந்தக் கலரும் நிக்காது. வரைஞ்சு ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அப்புறம் அடுப்பு.

சித்தூர் பிசிக்ஸ் வாத்தியார்
பெயின்ட் பத்தி அக்கா சொன்னது சரி. விரிசலுக்கு வர்றேன்.

சாதாரண கண்ணாடி சோடா-லைம் வகை. சூட்டுல அது விரியுற அளவு, லேப் பீக்கர் செய்யுற போரோசிலிகேட்டைப் போல ஏறக்குறைய மூணு பங்கு. கனமான அடி மெதுவா சூடாகும், மெல்லிய சுவர் சட்டுனு சூடாகும். ஒண்ணு விரிய, இன்னொண்ணு விரியாம இழுக்க, சேர்ற இடத்துல வட்டமா பிளக்குது. ஓ.டி.ஜி.யில கம்பி வேற பக்கத்துலயே செவக்க எரியும், ஒரு பக்கம் மட்டும் சூடு வாங்கும்.

அதனால சூடான அடுப்புல வைக்காதீங்க. குளிர்ந்த அடுப்புல நடுத்தட்டுல ஒண்ணோடொண்ணு படாம வச்சு, 60ல கால் மணி, 100ல கால் மணி, அப்புறம் பாட்டில் சொன்ன அளவு. முடிஞ்சதும் சுவிட்சை அணைச்சுட்டு கதவைத் திறக்காம அப்படியே ஆற விடுங்க. எட்டிப் பார்க்கக் கூடாது!

இன்னொரு காரணமும் உண்டு. ஊதின டம்ளரை 500 டிகிரிக்குச் சற்று மேலே வச்சு, மெல்ல மெல்ல ஆறவிட்டாத்தான் உள்ளே இறுக்கம் தங்காது. அவசரமா ஆறவிட்ட சரக்குன்னா, நீங்க எவ்வளவு பக்குவமா சுட்டாலும் விரிசல் விடும். இதை வீட்லயே பார்த்துடலாம். லேப்டாப்போட எல்.சி.டி. திரையில வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறங்க. போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னாடி பிடிச்சு, திரை கருக்குற வரைக்கும் திருப்புங்க. இப்ப நடுவுல டம்ளரைப் பிடிச்சா, இறுக்கம் இருக்குற இடம் வெளிச்சமாவோ கலர் கலராவோ தெரியும். அடியில பளிச்சுனு தெரியுறதை அடுப்புக்கு அனுப்பாதீங்க. என் பசங்களுக்குப் பாடத்துல போலரைசேஷன் வந்தா நான் காட்டுறது இதைத்தான்.

பேனா மூடி
எதுக்கு இவ்வளவு தலைவலி? ஆசிட் வாங்கி, கண்ணாடியை அரிச்சு மயிலை எட்சிங் பண்ணிடுங்க. உரியாது, சுடவும் வேணாம்.

சித்தூர் பிசிக்ஸ் வாத்தியார்
தம்பி, யாருக்கும் அப்படிச் சொல்லாதீங்க. கண்ணாடியைத் தின்னுற ஆசிட்னா ஹைட்ரோஃப்ளூரிக். பட்ட உடனே வலிக்காமலும் இருக்கும், தோல் வழியா உள்ளே போய் ரத்தத்துல இருக்குற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், இதயமே நின்னுடலாம். எட்சிங் கிரீம்னு விக்கிறதுலயும் ஃப்ளூரைடு உப்புதான். சமையல்கட்டு மேசையில வைக்குற பொருள் இல்ல. கோடு போடணும்னா வைரத்தூள் முனை வச்ச கிரைண்டர் பிட் இருக்கு. கண்ணாடித் தூள் பறக்காம ஈரத்துலயே, மாஸ்க் போட்டுக்கிட்டு. ஆனா ஊதின டம்ளர்ல சுவர் எங்க மெல்லிசுன்னு கைக்குத் தெரியாது, பழகணும்.

சித்தூர்க்காரி (பாலக்காடு)
நான் இன்னொரு சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் 😀 வெள்ளை மங்கலுக்கு நான் பதில் சொல்றேன், எங்க போர் தண்ணியும் அப்படித்தான்.

அது தண்ணியில இருக்குற சுண்ணாம்பு. மங்கின டம்ளர்குள்ள வினிகரை ஊத்தி அரை மணி வைங்க. தெளிஞ்சா வெறும் உப்புப் படிவு. தெளியலன்னா கண்ணாடியோட மேல்பரப்பே அரிச்சிருக்கு, அது திரும்பாது. பெயின்ட் போட்ட டம்ளரை வினிகர்ல முக்காதீங்க, உள்ளே மட்டும் ஊத்துங்க. கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணி, இல்ல மழைத்தண்ணி. கவுத்து வச்சு தானா காய விட்டா சொட்டு சொட்டா தடம் விழும், உடனே பருத்தித் துண்டால துடைக்கணும். நகரியில துண்டுக்கா பஞ்சம்!

ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அடுக்காதீங்க. சிக்கிக்கிட்டா முறுக்கி இழுக்க வேணாம், மேல் டம்ளர்ல குளிர்ந்த தண்ணி ஊத்தி, கீழ் டம்ளரை வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்துங்க, தானா விடும். கொதிக்கிற தண்ணி ஆகாது. தேங்கா நாரும், பாத்திரம் விளக்குற பவுடரும் ஊதின கண்ணாடிக்குப் பகை.

நகரி செல்வி
எல்லாருக்கும் நன்றி. பாட்டிலைப் பார்த்தேன், டிகிரி எதுவுமே இல்ல, அக்கா சொன்ன முதல் ஜாதிதான். சுடுற கலர் சென்னையில இருந்து வருது. வாத்தியார் சொன்னபடி கூலிங் கிளாஸ் வச்சுப் பார்த்தேன், சிலதுல அடியில வானவில்லே ஓடுது. அதையெல்லாம் ஒதுக்கிட்டேன், பூ வைக்க ஆகும். ஒரு சந்தேகம் மட்டும்: அந்த அம்மா வாயோரம் தங்கக் கோடும் கேக்குறாங்க.

காளஹஸ்தி அக்கா
வேணாம்னு சொல்லிடு. கடையில பார்க்குற தங்கக் கோடு 500 டிகிரிக்கு மேல சூளையில ஏத்துறது, உன் அடுப்புல ஆகாது. தங்க பெயின்டால வாயோரம் இழுத்தா பாயசத்தோட உள்ளே போகும். ஆசைப்பட்டா மயில் கழுத்துல ஒரு கோடு போட்டுக் கொடு.

ஒவ்வொரு டம்ளர் கூடவும் சின்ன சீட்டு வை: கொதிக்கக் கொதிக்க காபி ஊத்தாதீங்க, மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, மெதுவான பஞ்சால கழுவுங்க. தெலுங்குலயும் எழுதிடு, திருப்பதிக்காரங்கல்ல.