நாளைக்கு ஃபீஷ்: வீட்டு குரூப்

கார்த்தி, மாலை 6:12
நாளைக்கு சுவிட்சர்லாந்துல ஃபீஷ்ல பாராகிளைடர்ல பறக்கலாம்னு இருக்கேன். ஃபீஷரால்ப்ல ஏறி, கோம்ஸ் பள்ளத்தாக்கோட வடக்குச் சுவரைப் புடிச்சுட்டே க்ரிம்ஸெல் கணவாய், அங்கிருந்து ஃபுர்கா கணவாய், திரும்பி ஃபீஷ். சித்தப்பா, நித்யாக்கா, ப்ளானை ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.

செந்தில் சித்தப்பா, 6:20
ஆல்ப்ஸுக்குத் தெக்க லுகானோவுக்கும் வடக்க சூரிக்குக்கும் காத்தழுத்த வித்தியாசம் பாத்தியா?

கார்த்தி, 6:21
பாத்தேன் சித்தப்பா. லுகானோ பக்கம் 1 ஹெக்டோபாஸ்கல் கூட.

செந்தில் சித்தப்பா, 6:27
அப்ப தெக்கத்தி ஃபியோன் (ஆல்ப்ஸைத் தாண்டி எறங்கற பலத்த காத்து) பயம் இல்ல. வித்தியாசம் 4 தொட்டுச்சுன்னா விங்கை, அதான் பாராகிளைடர் இறக்கையை, பையில இருந்தே எடுக்கக்கூடாது. ஆனா கோம்ஸுக்கு வடக்குக் காத்துதான் பெரிய எமன். நீ ஒட்டிப் பறக்கப்போறது பெர்ன் ஆல்ப்ஸோட தெக்குச் சரிவு. 3000 மீட்டர்ல வடக்கிருந்து 20 கி.மீ. வேகத்துல வந்தாலே அந்தச் சரிவு பூரா லீ, அதாவது காத்துக்கு மலை மறைவான பக்கம். வெயில் பட்ட பாறையில இருந்து தெர்மல், அதான் சூடான காத்து, மேல வரும், சிகரத்தைத் தாண்டி விழற காத்து அதை அமுக்கும். ரெண்டும் முட்டற உயரத்துலதான் விங் மடங்கும். டேக்ஆஃப்ல விண்ட்சாக் (காத்து திசை காட்டற துணிப்பை) நேரா முன்னாடி இருந்து ஊதற மாதிரியே காட்டும், அது தெர்மல் இழுக்கறது. நம்பிராத.

நித்யாக்கா, 6:31
மீட்டியோஸ்விஸ் வானிலை ஆப்ல நாலு ஸ்டேஷனை சேவ் பண்ணிக்கோ. யுங்ஃப்ராவ்யோக், எக்கிஸ்ஹார்ன், க்ரிம்ஸெல் ஹோஸ்பிட்ஸ், உல்ரிஹன். 10 நிமிஷத்துக்கு ஒருக்கா மாறும். காலைல 9 மணிக்கே யுங்ஃப்ராவ்யோக்ல வடக்குக் காத்து 25 கி.மீ.னு இருந்தா கேபிள் கார் டிக்கெட்டே வாங்காத.

கார்த்தி, 6:33
இப்ப அங்க மேக்கு 8. நாளைக்கும் அதே மாதிரிதான் ஃபோர்காஸ்ட். மேகத்தோட அடி (பேஸ்) 3600 மீட்டர்.

பெரியம்மா, 6:35
மேல போயி காத்து நின்னு போச்சுன்னா என்ன கண்ணு பண்ணுவ?

நித்யாக்கா, 6:38
அம்மா, காத்து நின்னா ஒண்ணும் ஆகாது. விங் தானா முன்னாடி போயிட்டே இருக்கும். மணிக்கு 38 கி.மீ., ஒரு மீட்டர் எறங்கறதுக்குள்ள எட்டு மீட்டர் முன்ன போகும். 1000 மீட்டர் உயரத்துல இருந்தா 8 கி.மீ. தள்ளி எறங்கலாம். கஷ்டம் எல்லாம் காத்து ஜாஸ்தி ஆகறப்பதான்.

செந்தில் சித்தப்பா, 6:46
கார்த்தி, ஃபீஷ் 1049 மீட்டர், ஃபீஷரால்ப் 2212. நம்ம ஊர்க் காத்துக்குப் பழகின காலு அங்க ஏமாந்துரும். காத்து அடர்த்தி அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கடல் மட்டத்துல 36ல பறக்கற விங்குக்கு அங்க 40 வேணும். விங் தலைக்கு மேல வந்ததும் உக்காந்துறாத, இன்னும் நாலு எட்டு சேத்து ஓடு. எதிர்க்காத்து இல்லாத நேரத்துல நிறைய பேர் இதுலதான் சறுக்கறாங்க.

கார்த்தி, 6:48
எத்தனை மணிக்கு ஏறலாம்?

நித்யாக்கா, 6:55
பதினொண்ணுக்கு. பத்து மணிக்கே போனா டேன்டம் (பயணியோட ரெண்டு பேரா பறக்கற) கூட்டத்தோட கீழ வந்துருவ. சரிவு தென்கிழக்கு பாத்து இருக்கறதால சீக்கிரம் சூடாகும், ஆனா முதல் தெர்மல் எல்லாம் சின்னது. எக்கிஸ்ஹார்ன் பக்கம் 3000 மீட்டர் எடுக்காம ஃபீஷர்டால் கிளைப் பள்ளத்தாக்கைத் தாண்டாத. எதிர்ல பெல்வால்ட், ரீஸிஹார்ன். தூரம் 4, 5 கி.மீ.தான், உயரம் 600 மீட்டர் போகும். உள்ள தள்ளி வெட்டாத, அந்தக் கிளைப் பள்ளத்தாக்கோட தலையில பனியாறு, அதுல இருந்து குளிர் காத்து எறங்கிட்டே இருக்கும். வாய்ப் பக்கமா வெட்டு.

செந்தில் சித்தப்பா, 6:57
மலை வலது கைப் பக்கம் இருக்கறவனுக்குத்தான் வழி. நீ க்ரிம்ஸெல் போறப்ப மலை உனக்கு இடது பக்கம், அதனால நீதான் ஒதுங்கணும். ம்யூன்ஸ்டர்ல கிளைடர் ஏரோடிரோம் இருக்கு, அதுக்கு மேல தாழப் பறக்காத.

கார்த்தி, 7:02
சரிங்க. ஃபுர்கா பத்தி ரெண்டு பேரும் ஒண்ணுமே சொல்லலியே 😅

நித்யாக்கா, 7:10
சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. டேக்ஆஃப்ல இருந்து க்ரிம்ஸெல் ஏறக்குறைய 25 கி.மீ. மணிக்கு 20 சராசரி வெச்சாலும் பதினொண்ணே காலுக்குக் கிளம்பினா அங்க போறப்ப பன்னெண்டரை ஆயிரும். ஒரு மணிக்கு மேல வடக்குப் பக்கத்து ஹாஸ்லி பள்ளத்தாக்குக் காத்து க்ரிம்ஸெல் கணவாய் வழியா கோம்ஸுக்குள்ள விழ ஆரம்பிக்கலாம். மேகம் கணவாய் மேல ஊர்ந்து வந்து இந்தப் பக்கம் வழிஞ்சா அதுதான் க்ரிம்ஸெல் பாம்பு. மேகம் இல்லாமயும் வரும். கணவாய் மேல டோட்டன்ஸே ஏரியைப் பாரு. தண்ணியில வடக்கு தெக்கா கோடு கோடா அலை ஓடுச்சுன்னா, ஓபர்வால்டுக்குக் கிழக்க ஒரு அடி கூட வெக்காத.

செந்தில் சித்தப்பா, 7:14
அந்தக் காத்தும், கீழ ப்ரிக் பக்கமிருந்து ஏறி வர்ற பள்ளத்தாக்குக் காத்தும் உல்ரிஹன், ம்யூன்ஸ்டர் பக்கம் மோதும். அங்க தாழ மாட்டறதுதான் நாள்ல மோசமான நிலை.

நித்யாக்கா, 7:19
கணக்கு இதுதான். ஓபர்வால்டுல இருந்து ஃபீஷ் 22 கி.மீ. திரும்பறப்ப பள்ளத்தாக்குக் காத்து மூஞ்சியில 15. உன் 38ல மிச்சம் 23. ஒரு மீட்டர் எறக்கத்துக்கு எட்டு மீட்டர்ங்கறது அஞ்சா ஆயிரும். 3400 மீட்டர்ல இருந்தாலும் லிஃப்ட் (மேல தூக்கற காத்து) கிடைக்காட்டி 10 கி.மீ. கூடத் தேறாது. அதனால ஒண்ணே காலுக்குள்ள க்ரிம்ஸெல் மேல 3400 இருந்தா மட்டும் ஃபுர்கா. இல்லாட்டி உல்ரிஹன்லயே திரும்பிரு. அது ஒண்ணும் சின்ன ஃப்ளைட் இல்ல.

கார்த்தி, 7:21
சரிக்கா. ஒண்ணே கால், 3400. எழுதி வெச்சுட்டேன்.

செந்தில் சித்தப்பா, 7:25
நாளைக்கு வியாழக்கிழமை, வேலை நாள். மைரிங்கன் மிலிட்டரி ஏரோடிரோம் க்ரிம்ஸெலுக்கு வடக்கதான். டாப்ஸ் அறிக்கையை (எந்த வான்பகுதி மூடியிருக்குன்னு தினமும் சொல்றது) இன்னைக்கு ராத்திரியே எறக்கிப் பாத்துரு, எக்ஸ்சிட்ராக் ஆப்ல ஏர்ஸ்பேஸ் புதுசான்னும் பாரு. வடக்க நழுவாத.

பெரியம்மா, 7:28
மடங்கும் மடங்கும்ங்கறீங்க, மடங்குச்சுன்னா?

செந்தில் சித்தப்பா, 7:36
அண்ணி, பாதி மடங்கறது சகஜம், பெரும்பாலும் அதுவே விரிஞ்சுக்கும். கார்த்தி, உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். ஸ்பீட்பார்ல (வேகம் கூட்ட காலால மிதிக்கற கட்டை) இருந்தா மொதல்ல காலை விடு. விரிஞ்சிருக்கற பக்கம் எடையை மாத்து, அந்தப் பக்கம் பிரேக் கொஞ்சூண்டு, திரும்பாம நிறுத்தற அளவுக்கு மட்டும். பயத்துல அதைக் கட்டி இழுத்தா நல்லா இருந்த பாதியும் ஸ்டால் ஆயிரும், அதாவது பறக்கறதை நிறுத்திரும், ஆபத்து அதுலதான். நேரா போனதுக்கப்புறம் மடங்கின பக்கத்துப் பிரேக்கை ஆழமா ஒரு தடவை இழுத்து விடு. சுத்த ஆரம்பிச்சு, மலையும் கிட்ட இருந்தா யோசிக்காத, ரிசர்வை, அதான் அவசர பாராசூட்டை, எறி.

கார்த்தி, 7:38
ரிசர்வ் இந்த வருஷம் ஏப்ரல்ல பிரிச்சு மறுபடி மடிச்சது. காலைல பின்னு பாத்துர்றேன்.

நித்யாக்கா, 7:47
லேண்டிங்தான் இன்னொண்ணு. மூணு மணிக்கு மேல ஃபீஷ்ல தரையிலயே காத்து 25, 30 கி.மீ. அடிக்கலாம். மரம், வீடு பின்னாடி எறங்காத, அதோட உயரத்தைப் போல பத்து மடங்கு தள்ளி நில்லு. தாழ வந்ததும் முழு வட்டம் வேண்டாம், காத்தைப் பாத்தே இடம் வலமா எட்டு போட்டு உயரத்தைக் கரை. கால் பட்டதும் திரும்பி நின்னு சி ரைசரை (விங்கோட பின்பக்கக் கயிறுகளைச் சேக்கற பட்டை) இழுத்து விங்கைப் போட்டுரு, இல்லாட்டி தரதரன்னு இழுத்துட்டுப் போயிரும்.
வழியில எறங்கினா அறுத்த புல்லுல மட்டும். உசந்த புல்லு அவங்க மாட்டுக்குக் குளிர்காலத் தீனி, விவசாயி சும்மா விடமாட்டார். கரண்ட் கம்பத்தைப் பாத்தா கம்பி தெரியலைன்னாலும் இருக்குன்னே வெச்சுக்கோ. சரக்கு ஏத்தற ரோப்புக்குக் கம்பமே இருக்காது, சரிவுல தனியா ஒரு கொட்டகை நின்னா சந்தேகப்படு.

பெரியம்மா, 7:50
குளிருமே?

நித்யாக்கா, 7:52
3500 மீட்டர்ல ஜூலைலயும் 0 டிகிரி பக்கம் வரும்மா. ரெண்டு ஜோடி கிளவுஸ் வேணும். விரல் விறைச்சா பிரேக்ல என்ன நடக்குதுன்னே தெரியாது. தண்ணி ஒண்ணரை லிட்டர், குழாய் வெச்சு, கையை விடாம குடிக்கற மாதிரி.

செந்தில் சித்தப்பா, 7:55
மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் 10 லட்சம் ஃப்ராங்க், ஐபிபிஐ கார்டு (பைலட்டோட தகுதியைக் காட்டற சர்வதேச அட்டை), ரெண்டும் பையில. வாலிஸ் மாநிலத்துக்குள்ள அவசரம்னா 144. ஃபுர்காவைத் தாண்டிட்டா ரேகா வான்மீட்பு, 1414.

கார்த்தி, 8:03
நான் எங்க இருக்கேன்னு சாட்டிலைட் வழியா காட்டற இன்ரீச் லிங்க் காலைல இங்க போடறேன். 10 நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வரும். பெரியம்மா, புள்ளி பள்ளத்தாக்கு நடுவுல 1300, 1400 மீட்டர்ல நின்னா எறங்கிட்டேன்னு அர்த்தம். கூடவே "எறங்கிட்டேன், நல்லா இருக்கேன்"னு மெசேஜும் வரும்.

பெரியம்மா, 8:05
அப்புறம் மறுபடி நகந்துச்சுன்னா?

கார்த்தி, 8:06
சிவப்பு ரயில்ல ஃபீஷ் வந்துட்டு இருக்கேன்னு அர்த்தம். ஓபர்வால்ட், உல்ரிஹன், ம்யூன்ஸ்டர் எல்லாத்துலயும் ஸ்டேஷன் இருக்கு.