மிராண்டா மறுவிசாரணை: வாக்குமூலத்தை நீக்கியது சரிதானா?

வைகறை: 1963இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கடத்தல், பாலியல் வன்கொடுமை வழக்கில் எர்னஸ்டோ மிராண்டா கைதானார். இரண்டு மணி நேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். அந்தத் தாளை 1966இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஒதுக்கித் தள்ளியது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைப் போலீஸ் சொல்லவில்லையாம்! அடித்தார்களா? இல்லை. பிறகென்ன?

சட்டப்பித்தன்: தாளின் மேற்பகுதியைப் பார்த்தீர்களா? ‘சட்ட உரிமைகளை முழுமையாக அறிந்தே’ தானாகக் கொடுப்பதாக ஒரு பத்தி, முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டது. வழக்கறிஞர் பற்றிச் சொல்லவில்லை என்று சாட்சிக் கூண்டில் அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். சொல்லாத உரிமையை அறிந்ததாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடி விழவில்லை என்பதால் அது யோக்கியமான ஆவணமாகிவிடுமா? அவரை யாரும் விடுவித்துவிடவும் இல்லை. 1967 மறுவிசாரணையில் வாக்குமூலம் இல்லாமலே குற்றவாளி என்று தீர்ப்பு. 20 முதல் 30 ஆண்டு சிறை.

வைகறை: எதை வைத்து நிரூபித்தார்கள் என்பதை விழுங்கிவிட்டீர்களே. காவலில் பார்க்கப் போன துணைவியிடம் குற்றத்தைச் சொல்லியிருந்தார். பின்னால் இருவருக்கும் மனம் கசந்தது. அவர் சாட்சி சொன்னார். கசக்காமல் இருந்திருந்தால்? பாதிக்கப்பட்ட பெண்ணால் அடையாள அணிவகுப்பில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆள் தப்பியிருப்பார்.

கரிசல்: நம் நாட்டில் இன்னும் கடுமை. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. உரிமையைச் சொல்லிவிட்டு வாங்கினாலும் செல்லாது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை! 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது.

வைகறை: தொடர்ந்து என்ன பயன்? ஒப்புதலால் கண்டெடுத்த பொருளுக்கு அந்தப் பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவு வழிவிட்டது. உடனே ‘புதரிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தான்’ என்று ஒரு மகஜர், அதாவது போலீஸ் எழுதும் கைப்பற்றல் பதிவு. வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வருகிறார்கள்.

சட்டப்பித்தன்: அது ஜன்னலை அடைக்கச் சொல்லும் வாதம், வாசலைத் திறக்கச் சொல்லும் வாதமல்ல. துணைவியிடம் சொன்னதும் போலீஸ் வாக்குமூலத்தின் விளைவே, அதையும் நீக்குங்கள் என்று மிராண்டா தரப்பு கேட்டது. 1969இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. போலீஸ் கறந்தது போயிற்று, அவராகச் சொன்னது நின்றது. கசப்பில் பேசுகிறாரா என்று அந்தத் துணைவியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தட்டச்சுப் பத்தியை என்ன கேட்பீர்கள்?

வைகறை: கூண்டில் ஏறியதும் ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று பிறழ்சாட்சியானவரை என்ன கேட்பீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.